என் மார்கழியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம்

சபாக்களுக்கும் இலக்கியத் திருவிழாக்களுக்கும் இணையதளம் அமைத்துத் தருகிறவர்கள் இப்போது எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நிகழ்ச்சிகள் பெருத்துவிட்டன, ரசிகருக்குப் பொறுமை இல்லை, முழுப் பட்டியலையும் கொட்டினால் மிரண்டு போய்விடுவார். ஆகையால் அவர் யார், போன வருஷம் எதற்கு டிக்கெட் எடுத்தார், எந்தப் படத்தின் மேல் விரல் வைத்தார் என்று கவனித்து, அவருக்குப் பிடிக்கக்கூடியதை மட்டும் முகப்பில் வையுங்கள். ‘உங்களுக்காக’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழே ஆறு படங்கள். மற்றதெல்லாம் எங்கே என்றால், இன்னும் கீழே போய் இன்னொரு பொத்தானை அழுத்தித் தேடிக்கொள்ளலாம். சபா செயலாளர்கள் தலையாட்டுகிறார்கள். பத்திரிகைகள் இதை வளர்ச்சி என்று எழுதுகின்றன. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘ஃபில்டரே வேண்டாம் என்கிறான் பழைய பஞ்சாங்கம்’ என்று கிளம்பிவிடுவார்கள். ஃபில்டர் வேண்டும், நன்றாகவே வேண்டும். டிசம்பர் 24, சாயங்காலம், மயிலாப்பூர், வீணை என்று நான் தட்டுகிறேன். தளம் அதற்குப் பொருந்துவதைக் காட்டுகிறது. எதைத் தள்ளினேன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தள்ளியவன் நான். நினைத்தால் மீட்டுக்கொள்வேன். ஊகத்தின் கதை வேறு. அங்கே தள்ளுவது கணினி. என்ன தள்ளியது, எந்தக் காரணத்துக்காகத் தள்ளியது, தள்ளியதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே விலை சொல்கிறார்கள். ஃபில்டர் சம்பாதித்து வைத்திருக்கும் நல்ல பெயரின் நிழலில் ஊகம் உள்ளே நுழைந்துவிடுகிறது. நான் எதிர்ப்பது இந்த இரண்டாவது சரக்கை மட்டும்தான்.

அவர்களுடைய பிரம்மாஸ்திரம் ஒரு ஜாம் கதை. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு கடையில் செய்து, 2000-ல் வெளியிட்ட பரிசோதனை. 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். வணிகப் பள்ளிகளில் இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் வெளியே வருவதில்லை. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2010-ல், பெஞ்சமின் ஷைபஹென்னேயும் சக ஆய்வாளர்களும் இதே மாதிரியான 50 பரிசோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். சில இடங்களில் நிறைய இருப்பது மிரட்டியது, சில இடங்களில் அதுவே இழுத்தது. இந்த இரண்டாவது செய்தியை யாரும் விளக்கப் படங்களில் போட்டுக் காட்டுவதில்லை. அது போகட்டும், ஜாம் பரிசோதனையை அப்படியே ஒத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி நிற்கிறது. அந்த மேஜையில் இருந்த ஆறு ஜாமும், அந்தப் பக்கம் வந்த எல்லோருக்கும் ஒரே ஆறு. ஆளைப் பார்த்து யாரும் ஜாமை மாற்றி வைக்கவில்லை. ‘குறைவாகக் காட்டு’ என்பதற்கு வேண்டுமானால் அது சாட்சி சொல்லும். ‘ஆளுக்கொன்று காட்டு’ என்பதற்கு அதில் ஒரு வரிகூட ஆதாரமில்லை.

சரி, ஆளைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியுமா? சினிமாவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். 2006-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. 17,770 படங்களுக்குச் சந்தாதாரர்கள் போட்ட சுமார் 10 கோடி மதிப்பெண்களைப் போட்டியாளர்கள் கையில் கொடுத்து, தங்களுடைய ஊகத்தில் உள்ள பிழையை 10 சதவீதம் குறைத்துக் காட்டுங்கள் என்றது. உலகத்தின் தேர்ந்த மூளைகள் முட்டி மோதி அந்த 10 சதவீதத்தை எட்ட மூன்று வருஷம் ஆயிற்று. வென்ற முறையை முழுசாக எடுத்துத் தளத்தில் பொருத்துவதற்கு ஆகும் உழைப்புக்கு அதன் பலன் ஈடாகாது என்று பிறகு நெட்ஃபிளிக்ஸ்காரர்களே சொல்லிவிட்டார்கள்.

அங்கே சரக்கு நிலையானது. இன்று பார்க்காத படத்தை நாளை பார்க்கலாம். நேற்றுப் பார்த்த ஆயிரம் பேரின் அபிப்பிராயம் இன்றைக்குப் பார்க்கப் போகிறவருக்கு உதவும். கச்சேரிக்கு இந்த இரண்டுமே கிடையாது. டிசம்பர் 24 மாலை ஆறரை மணிக் கச்சேரியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. கேட்டு முடித்த பிறகு அதைச் சிபாரிசு செய்து பயனில்லை. மதிப்பெண் பிறக்கும் நேரத்தில் நிகழ்ச்சி செத்துப்போயிருக்கும். ஆகவே கணினி கச்சேரியை எடைபோடவில்லை, பாடகரின் பெயரைத்தான் எடைபோடுகிறது. அதே பாடகர் வேறு சபாவில், வேறு பக்கவாத்தியங்களோடு, வேறு பல்லவியோடு உட்காரும்போது அது வேறு கச்சேரி என்பது பின்வரிசை ரசிகருக்கும் தெரியும். கணினிக்குத் தெரிய வழியே இல்லை.

தெரியாத இடத்தில் அது என்ன செய்யும்? புகழைப் பிடித்துக்கொள்ளும். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் ஃபிளெடர், கார்த்திக் ஹொசநாகர் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு காட்டிய விஷயம் வேடிக்கையானது. இப்படிப்பட்ட சிபாரிசால் ஒவ்வொரு தனி ஆளுக்கும் தனக்குப் புதிதான ஏதோ ஒன்று கிடைக்கலாம். ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் அந்தப் புதிது ஒன்றாகவே இருந்துவிட இடமுண்டு. தனி ஆளின் ரசனை விரிந்ததுபோலத் தோன்றும், ஊரின் ரசனை சுருங்கும். சபா வாசலில் இதற்கு என்ன அர்த்தம்? ஏற்கெனவே நிரம்பும் அரங்கத்துக்கு இன்னும் நூறு பேர் ‘டிக்கெட் இல்லையா?’ என்று வந்து நிற்பார்கள்.

சென்னை டிசம்பர் சீசனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் நடக்கின்றன. அவற்றில் மாலை நேரத்துப் பெரிய கச்சேரிகள் கொஞ்சம்தான். மத்தியானம் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிக்கு, பாதி காலி நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிற இருபது வயதுக்காரர்கள்தான் சீசனின் பெரும்பகுதி. அடுத்த பதினைந்து வருஷத்தின் சங்கீதம் அந்த நேரத்தில்தான் தயாராகிறது. மாலையில் பாடும் வித்வான்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்து எழுந்தவர்கள். அப்படி மத்தியானம் பாட உட்காரும் ஒரு பெண்ணுக்கு முன்கதை கிடையாது, ஆகவே கணினிக்கு அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல ஒன்றுமில்லாததால் காட்டாது. காட்டாததால் யாரும் தொடமாட்டார்கள். தொடாததால் அடுத்த வருஷமும் காட்டாது. செய்தித்தாளின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் அவளுக்கும் சங்கீத கலாநிதிக்கும் ஒரே எழுத்தளவு. கூடவே ஒரு நூல் வெளியீடு, ஒரு உபன்யாசம், ஒரு கண் சிகிச்சை முகாம். வேறெதையோ தேடிய கண் அவள் பெயரில் தற்செயலாகப் பட வழி இருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டு அதற்கு வசதி என்று பெயர் சூட்டுகிறார்கள்.

இன்னொரு கோளாறு இதைவிடப் பெரியது, ஆனால் யாரும் பேசுவதில்லை. மத்தியானக் கச்சேரிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் கிடையாது. நேராக உள்ளே போய் உட்காரலாம். டிக்கெட் இல்லையென்றால் தடயம் இல்லை. சீசன் முழுக்க இலவசக் கச்சேரிகளைத் தேடித் தேடிக் கேட்டு, ராகத்தை இரண்டு பிடியில் சொல்லிவிடக்கூடிய ஒரு ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா தளத்தின் கண்ணுக்கு யாருமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்து, உறவினருக்காக முன்வரிசை டிக்கெட் நாலு எடுத்துவிட்டு, பாதியில் கேண்டீனுக்குப் போனவர் அதன் கணக்கில் மகா ரசிகர். பணம் பட்ட இடத்தை மட்டும் பார்க்கத் தெரிந்த ஒன்று ரசனையை அளக்கிறேன் என்று கிளம்பினால் இப்படித்தான் ஆகும். வீட்டில் ஒரே போன், அதில் அம்மாவுக்கு நாமசங்கீர்த்தனம், பையனுக்கு ஸ்டாண்டப் காமெடி, அப்பாவுக்கு நாதஸ்வரம் என்று மூன்று பேர் தேடுகிறார்கள். இந்த மூவரையும் குழைத்து ஒரு நாலாவது ஆளைச் செய்து, இல்லாத அந்த ஆளுக்காகக் கணினி நிகழ்ச்சி தேர்ந்தெடுக்கிறது.

இத்தனை வித்தைக்கும் அடியில் தரவு என்று ஒன்று இருக்க வேண்டுமே, அதன் லட்சணத்தைப் பாருங்கள். பல நிகழ்ச்சித் தளங்களில் முக்கியக் கலைஞரின் பெயரும் படமும் இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்பது இருக்காது. இருந்தாலும் ஒரு படத்துக்குள் எழுத்தாக ஒட்டியிருக்கும், தேடினால் சிக்காது. மிருதங்கத்துக்காகவே கச்சேரிக்குப் போகிறவர்கள் உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு எழுந்து போகும் கூட்டத்துக்கு நடுவே அசையாமல் இருப்பவர்கள் அவர்கள். இன்ன மிருதங்க வித்வான் இந்த வாரம் எங்கெங்கே வாசிக்கிறார் என்று அவர்கள் கேட்டால் தளம் கையை விரிக்கும். ஒரே கலைஞரின் பெயர் ஒரு சபாவில் ஊர்ப்பெயரோடு, இன்னொன்றில் தலைப்பெழுத்தோடு, மூன்றாவதில் வேறு எழுத்துக்கூட்டலோடு பதிவாகியிருக்கும். ஃபில்டருக்கு அவர்கள் மூன்று ஆட்கள். ஆரம்பிக்கும் நேரம் ஓரிடத்தில் 6.15, இன்னோரிடத்தில் 6.30. சக்கர நாற்காலி போகுமா, மாடி ஏற வேண்டுமா என்பதற்குக் கட்டமே கிடையாது. இவற்றை நிரப்ப யாராவது உட்கார்ந்து செயலாளருக்குப் போன் போட்டு, பெயர் பெயராகச் சரிபார்க்க வேண்டும். அது மினுக்கில்லாத வேலை, விளக்கப் படத்தில் வைத்துக் காட்ட முடியாது. ஆகவே அதற்கு ஒதுக்க வேண்டிய பணம் ‘உங்களுக்காக’ பலகைக்குப் போகிறது. அஸ்திவாரம் போடாத வீட்டுக்கு மொட்டைமாடியில் விளக்கலங்காரம்.

பழைய ரசனையிலிருந்து புதிய ரசனையைக் கணக்கிட்டுவிடலாம் என்ற நம்பிக்கையை நம் ஊர்ச் சரித்திரமே பொய்யாக்கியிருக்கிறது. 1940-களின் தொடக்கத்தில் மேடையில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் கடைசியில், துக்கடாவாக. அன்றைய ரசிகரின் வழக்கத்தை மட்டும் ஒரு கணினி படித்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? தமிழ் உருப்படிகளுக்குக் கேட்பு இல்லை, முகப்பில் வைக்க வேண்டாம் என்றுதான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அந்தக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது, எதிர்ப்பு பலமாக இருந்தும் நிலைத்தது. அது சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், வாதாடட்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: கேட்கக் கிடைத்த பிறகுதான் கேட்பு பிறந்தது. 2007-ல் சென்னை சங்கமம் பூங்காக்களில் பறையையும் கரகத்தையும் கொண்டுவந்து வைத்தபோதும் அதுதான் நடந்தது. காலையில் நடைப்பயிற்சிக்கு வந்துபோகிற பூங்காவில், சாயங்காலம் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய ‘விருப்பங்கள்’ பட்டியலில் பறை இருந்திருக்கும்?

நிகழ்ச்சி பெருத்துவிட்டது என்ற புலம்பலுக்கு எடின்பரோவைக் காட்டுகிறேன். 1947-ல் அங்கே சர்வதேச விழா முதன்முதலாக நடந்தபோது, அழைப்பில்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து ஓரத்தில் தாங்களாகவே மேடை போட்டுக்கொண்டன. அதுதான் எடின்பரோ ஃப்ரிஞ்ச். இன்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் 3,000-க்கு மேல் நிகழ்ச்சிகள். 1950-களின் இறுதியில் அதற்கென்று ஒரு சங்கம் அமைந்தபோது வைத்துக்கொண்ட கொள்கை, எதை நடத்தலாம் எதை நடத்தக் கூடாது என்று சங்கம் தேர்வு செய்யாது என்பது. அதன் தலையாய வேலைகளில் ஒன்று, வருகிற அத்தனையையும் ஒரே நிகழ்ச்சி நிரலில் அச்சடிப்பது. தடித்த புத்தகம், அதை மடித்து, கோடு போட்டு, கிழித்துக்கொண்டு ஜனங்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள், மிரண்டு யாரும் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. 2022-ல் சங்கம் தன் செயலியை நிறுத்தி வைத்தபோது கலைஞர்கள் கொதித்து எழுந்தார்கள். அவர்கள் எதை இழந்ததாகச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில், இப்போது, இன்னும் சற்று நேரத்தில் தொடங்கப்போகும் நிகழ்ச்சிகள் எவை என்று காட்டும் வசதியைத்தான் முன்னால் வைத்தார்கள். பெயர் தெரியாத ஒரு நகைச்சுவைக் கலைஞருக்குக் கடைசி நேரத்தில் இருபது பேரைக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். அந்த வசதி ஆளைப் பார்க்காது, கடிகாரத்தையும் தெருவையும் மட்டும் பார்க்கும். அசல் ஃபில்டர்.

‘வயதானவர்களால் இவ்வளவு நீளப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போக முடியுமா? புதிதாக வருகிறவருக்கு யாரைக் கேட்பதென்று எப்படித் தெரியும்?’ என்பது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். நாள் வாரியாகப் பிரித்து, இன்றைய தேதியில் திறந்து வைத்தால் ஆயிரம் கச்சேரியும் அன்றைக்கு உள்ளதாகச் சுருங்கிவிடும். அதில் சபாவோ பேட்டையோ ஒன்றைத் தொட்டால் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். வயதானவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்தும், அச்செடுக்க ஒரு தாளும். புதியவருக்கு வேண்டியது ஒரு மனிதரின் சொல். சபா ஒரு விமர்சகரையோ ஒரு வித்வானையோ கேட்டு, ‘இந்த வாரம் இந்த ஐந்தை விட்டுவிடாதீர்கள்’ என்று பெயர் போட்டு எழுதச் சொல்லட்டும். அதுவும் தேர்வுதான், ஆனால் யாருடைய தேர்வு என்பது வெட்டவெளிச்சம். பிடிக்காவிட்டால் மறுநாள் கேண்டீனில் பிடித்துவைத்துச் சண்டை போடலாம். கணினியோடு யார் சண்டை போடுவது?

ஃபில்டரைக்கூட ஒழுங்காகச் செய்ய வேண்டும். நான் தட்டிய நிபந்தனைகள் பக்கத்தின் முகவரியிலேயே பதிய வேண்டும். அப்போதுதான் அந்த இணைப்பை வாட்ஸப்பில் என் தங்கைக்கு அனுப்பினால் நான் பார்ப்பதையே அவளும் பார்ப்பாள். ஊகப் பக்கத்தில் இது நடக்காது. நான் ஒன்றைப் பார்த்துக்கொண்டு, அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு, ‘மூன்றாவதாக இருக்கிறதே’, ‘எனக்கு அப்படி எதுவும் இல்லையே’ என்று போனில் மல்லாடுவோம். ‘இன்னும் 41 கச்சேரிகள் மறைந்துள்ளன’ என்று எண்ணிக்கையைக் காட்டி, ஒரே தொடுதலில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வைக்க வேண்டும். ஒரு கலைஞரின் கச்சேரி அறிவிக்கப்பட்டால் தகவல் அனுப்பு என்று நானே பதிந்துகொண்டால் தாராளமாக அனுப்பட்டும், கேட்டது நான்.

விளம்பரதாரர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் நகைக்கடை விளம்பரம் தனிப் பக்கத்தில் இருக்கும், அதை யாரும் கச்சேரி என்று நினைத்துக்கொள்வதில்லை. ‘உங்களுக்காக’ பலகையில் ஒரு இடத்தைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எல்லாத் தளமும் அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை, செய்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்கிறேன். விளம்பரத்தை வேறு வேஷத்தில் காட்டுவதை, இந்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் நுகர்வோரை ஏமாற்றும் உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. அதே ஆண்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தடை போடுகிறது. பாட்டும் பரதமும் கற்கிற பிள்ளைகள் சபாத் தளங்களில் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுக் கண்காணிப்பு மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடுவது நல்லது. ஐரோப்பாவில் மிகப் பெரிய தளங்களுக்குச் சட்டமே சொல்கிறது, ஆளைக் கணிக்காத ஒரு வரிசையையாவது கொடுத்தாக வேண்டும் என்று. நம் சபாக்கள் அவ்வளவு பெரியவை அல்ல. அதனாலேயே ஒரு சட்டம் வந்து உதைக்கும்வரை காத்திருக்க அவசியமும் இல்லை.

ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று, இனி அந்தப் பலகையை என்ன செய்வது என்று செயலாளர்கள் கேட்கலாம். தூக்கி எறிய வேண்டாம். பக்கத்தின் அடியில் இறக்கி வைத்து, தலைப்பை ‘நீங்கள் முன்பு டிக்கெட் எடுத்த கலைஞர்கள்’ என்று மாற்றுங்கள், உண்மை அவ்வளவுதான். காலியான இடத்தில் நாளைக் காலைக் கச்சேரியிலிருந்து இரவுக் கச்சேரிவரை எல்லாவற்றையும் நேர வரிசையில், ஒரே எழுத்தளவில் போடுங்கள். ஒரு மணிக்குப் பாடுகிறவருக்கு வயலின் யார், மிருதங்கம் யார் என்பதையும் சேர்த்து.